உள்வெயிலும் ஒரு விரல் சுண்ணாம்பும்

காலையிலிருந்து கயற்கண்ணிக்குத் தாகம் அடங்கவில்லை. ஒரு செம்பு தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் நாக்கு மறுபடி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தூக்கம் கெட்டதால் வந்த சூடு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கட்டியவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எவளுக்குத் தூக்கம் வரும்? வீட்டுச் சாவியைக் காணோம் என்று சமையல் மேடை, அலமாரி, கட்டிலுக்கு அடி எல்லாம் தேடினாள். சாவி அவள் இடது கையில்தான் இருந்தது.

செல்போன் அடித்தது. ஊர்க் குடிநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் தவசி.

"யக்கா, தண்ணி விடவா?"

தினமும் காலையில் அவன் கேட்கும் கேள்விதான். கொழுந்தூர்த் தண்ணீரில் உள்வெயிலைக் கலந்த நாளிலிருந்து, அந்தத் திட்டத்தின் ஊர்ப் பொறுப்பாளர் வாயால் சொல்லாமல் தொட்டியைத் திறக்கக் கூடாது என்று ஒரு விதி வந்திருந்தது. பொறுப்பாளர் கயற்கண்ணி. தினமும் அவன் கேட்பான், தினமும் இவள் "ஆகட்டும்" என்பாள். விதி போட்டவர்களே அதை மறந்திருப்பார்கள், இவர்கள் இரண்டு பேரும் விடவில்லை.

இன்றைக்குத் தவசி நீட்டி முழக்கினான். மதுரையிலிருந்து வண்டி வந்தது, டிரம் இறங்கியது, டிரைவர் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான் என்று சொல்லிக்கொண்டே போனான். அவளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. மகள் வஞ்சியின் பள்ளிக்கூடக் காலுறையில் ஒன்று அகப்படவில்லை. வஞ்சியோ ஒற்றைக் காலுறையோடு வாசலில் நொண்டியடித்துக்கொண்டிருந்தாள். கயற்கண்ணி அவனுக்கு என்னவோ பதில் சொல்லிப் போனை வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் மறுபடி குனிந்தாள்.

பிள்ளையை அனுப்பியாயிற்று. படபடப்பு மட்டும் போகவில்லை. இரண்டு கொழுந்து வெற்றிலையை எடுத்துச் சேலையில் துடைத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கோடு மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைக் கதவு நிலையில் தடவிவிட்டுக் கிளம்பினாள். கொழுந்தூரில் இதையெல்லாம் யாரும் ஒரு காரியமாக நினைப்பதில்லை.

அப்படி நினைக்காமல் போனதற்குக் காரணம் வானத்தில் இருந்தது. பூமிச் சூடு தாங்காமல் நாடுகள் எல்லாம் கூடிப் பேசி, மேலே வெகு உயரத்தில் தூசியைத் தூவி வெயிலை வடிகட்டிவிட்டன. அந்தப் படலத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் பந்தல். சூடு குறைந்தது, அதை இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் நெல் சோர்ந்துபோனது. மாட்டுக்குப் புல் இல்லை, அதனால் பால் மருந்துக்குக்கூடக் கிடைக்கவில்லை. நிழலிலேயே வளர்ந்து பழகிய வெற்றிலைக் கொடிக்கு மட்டும் ஒரே கொண்டாட்டம். கொழுந்தூர்ப் பக்கத்து வைகைக் கரை முழுக்க வேலிக்கு வேலி ஏறியது. கேட்பாரில்லாமல் கிடைத்ததும், மறந்துபோயிருந்த பழக்கம் கல்லூரிக்குப் போகிற பையன்கள் வரைக்கும் திரும்பி வந்தது.

பந்தல் இன்னொன்றையும் தடுத்தது. தோலில் பட்டால் எலும்புக்கு நல்லது செய்யும் கதிர் ஒன்று உண்டு, அது கீழே வரவில்லை. வெயிலுக்குப் பேர்போன மண்ணில் பிள்ளைகளின் கால் வில்லாக வளைந்தது. அரசாங்கம் மாத்திரை கொடுத்தது. ஒரு மாதம் வரும், மூன்று மாதம் வராது. கடைசியில்தான் உள்வெயில் வந்தது. குடலுக்குள் குடியேறி, வெயில் செய்ய வேண்டியதை அங்கேயே செய்துவிடும் நுண்ணுயிர். வாழ்நாளில் ஒரு தடவை குடித்தால் போதும்.

வீடு வீடாகப் போய் ஜனங்களைச் சம்மதிக்க வைத்தவள் கயற்கண்ணி. பேச்சால் இல்லை, வஞ்சியின் வளைந்த காலைக் காட்டித்தான். மற்றப் பிள்ளைகளுக்கு உதவிய மாத்திரைகூட அவள் மகளுக்கு உதவவில்லை, பிறவியிலேயே உடம்பில் ஒரு குறை. நாலு வயதிலும் இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்த பிள்ளை, உள்வெயில் வந்த ஒரே வருஷத்தில் தெருவில் ஓடியது. அந்த முதல் ஓட்டத்தைப் பார்த்து அவள் புருஷன் சொக்கலிங்கம் நடுத்தெருவில் நின்று அழுதான். கயற்கண்ணிக்குச் சொக்கலிங்கம் என்று பெயர்ப் பொருத்தம் பார்த்தே கட்டிவைத்தார்கள் என்று கேலி பேசும் ஊர், அன்றைக்கு அவனோடு சேர்ந்து அழுதது.

இப்போது அந்தச் சொக்கலிங்கம்தான் தன் பெயர் தெரியாமல் படுத்திருக்கிறான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனார் பஞ்சவர்ணம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெற்றிலைப் பை. வராந்தாத் தூண்கள் எல்லாவற்றிலும் கைக்கெட்டும் உயரத்தில் வெள்ளை வெள்ளையாக விரல் தடங்கள். துடைத்த கையோடு மறுபடி அழுக்காகிறது என்று பெருக்குகிற பெண் தினமும் கத்துவாள், யாரும் சட்டை செய்வதில்லை.

"வந்துட்டியா கயலு? விடிய விடிய உளறிக்கிட்டே இருந்தான். நான் யாருன்னு அவனுக்குத் தெரியல. நடுவுல எந்திரிச்சு, வெத்தலக் கொடிக்காலுக்குத் தண்ணி பாய்ச்சணும்னு கெளம்பிட்டான். ரெண்டு பேரு புடிச்சு உக்கார வச்சோம்."

"இப்ப எப்படி இருக்காரு மதினி?"

"எப்படி இருப்பான்? நீ ஊத்துன தண்ணி உள்ள என்ன பண்ணுதோ. ஊருல எல்லாருக்கும் நல்லதுன்னு சொன்னியே, எந்தம்பிக்கு மட்டும் ஏன்த்தா இப்படி?"

அவனுக்கு மட்டும் இல்லை. ஊரில் தெருவுக்கு ரெண்டு பேர் அப்படித்தான் இருந்தார்கள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வயிற்றுக்கட்டு, எரிச்சல், பிறகு சிறுநீரகத்தில் கல், பிறகு மறதி. பஞ்சவர்ணம் கேட்டாளே தவிர, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கோபம் கோபம்தான், கை பாட்டுக்கு ஒரு வெற்றிலையை மடித்து நீட்டியது.

"இந்தா, போடு. மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு."

கயற்கண்ணி போட்டுக்கொண்டு உள்ளே போனாள். டாக்டர் பெனாசிர் கட்டிலருகே நின்று, சுவர்த் திரையில் இருந்த எண்ணை முறைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்காரர், இந்த ஒரு மாதத்தில் ஐம்பது ஆகியிருந்தார்.

"மறுபடி ஏறியிருக்கு கயல். சலைன் விட்டு விட்டுப் பாக்கறேன். சாயங்காலம் எறங்குது, காலையில ஏறிருது. சாப்பாடே கஞ்சித்தண்ணிதான் குடுக்கறோம். இந்தக் கால்சியம் எங்கருந்துதான் வருதுன்னு புரியல."

பின்னாலேயே வந்து நின்ற பஞ்சவர்ணம் கேட்டாள்: "டாக்டரம்மா, நீங்க ரெண்டு பேரும் பேசறது எனக்கு ஒரு எழவும் வெளங்கல. என் தம்பிக்கு என்ன, அதச் சொல்லுங்க."

பெனாசிர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வெயில் பட்டா நம்ம தோல்ல ஒரு சரக்கு உண்டாகும்மா. ஆனா அது அரைவேக்காடு. ஈரலுக்குப் போய் முக்கால் வேக்காடு வேகும். கடைசி வேக்காடு கிட்னியில. அதுக்கப்புறந்தான் அது வேலைக்கு ஆகும்."

"என்ன வேல?"

"குடல்ல கதவு தொறக்கற வேல. தொறந்தா, சாப்பாட்டுல இருக்கற கால்சியம் ரத்தத்துக்குள்ள வரும். கழுத்துல மொளகு மொளகா நாலு சுரப்பி இருக்கு. அதுக ராப்பகலா ரத்தத்தப் பாத்துக்கிட்டே இருக்கும். கால்சியம் கொறஞ்சா, எலும்புலருந்து கொஞ்சம் எடுக்கச் சொல்லும், கிட்னிகிட்ட 'வேக வை'ன்னும் சொல்லும். போதும்னா வாய மூடிக்கும். கிட்னி அடுப்ப அணைச்சிரும், குடல்ல கதவு சாத்திக்கும்."

"நம்ம வஞ்சிக்கு?"

"அவ கிட்னிக்கு அந்தக் கடைசி வேக்காடு தெரியாது. அதான் சாதா மாத்திரை கேக்கல. உள்வெயில் முழுசா வெந்த சரக்கையே குடலுக்குள்ள செஞ்சு குடுத்துருது. அதனால அவ நடந்தா."

"அப்ப நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா உள்வெயில் கிட்னிகிட்ட யோசனை கேக்கறதில்லம்மா. கழுத்துச் சுரப்பி பேச்சையும் கேக்கறதில்ல. கதவு எப்பவும் கொஞ்சம் தொறந்தே இருக்கும். ஜனங்க சாப்பாட்டுல கால்சியம் ரொம்பக் கம்மி, அதனால இவ்வளவு தொறந்திருந்தாத் தப்பில்லன்னு கணக்குப் பண்ணி விட்டாங்க. மதுரையில, தேனியில எல்லாம் சரியா இருக்கு. கொழுந்தூர்ல மட்டும் ரத்தத்துல வழியுது."

"இங்க மட்டும் அந்தப் பூச்சி குணம் மாறிருச்சுன்னு சொல்றாக" என்றாள் கயற்கண்ணி. "எலும்பக் கரைக்குதாம்."

"சொல்றாங்க. எலும்புப் படம் நான் பாத்தேன், ஒரு கொறையும் இல்ல. ஒரு சின்னப் புள்ளைக்குக்கூட இது வரல, அது ஏன்னும் தெரியல. ஆனா எனக்கு வேற பதிலும் இல்ல கயல்." பெனாசிர் எழுந்தார். "இன்னும் ரெண்டு நாள் இப்படியே ஏறினா கிட்னி ரெண்டும் நின்னுரும். முடிவு உங்க கையில."

முடிவு என்று அவர் சொன்னது முறிமருந்தை. உள்வெயிலைத் தேடிப் பிடித்து அழிக்கும் வைரஸ் அது. தண்ணீரில் கலந்தால் ஒரு வாய் போதும், அதன்பிறகு கொழுந்தூரில் எந்த வயிற்றிலும் உள்வெயில் தங்காது. திரும்ப ஊற்றினாலும் வருஷக்கணக்கில் பிடிக்காது. பொறுப்பாளர் இன்று மாலைக்குள் வாயால் உத்தரவு சொல்ல வேண்டும் என்று நேற்றே மதுரையிலிருந்து சொல்லிவிட்டார்கள். சொன்னால் புருஷன் பிழைப்பான், ஊரில் படுத்திருப்பவர்கள் பிழைப்பார்கள். மற்றப் பிள்ளைகள் வந்தும் வராத மாத்திரைக்குத் திரும்புவார்கள். வஞ்சிக்கு அந்த மாத்திரையும் இல்லை. அவளுக்கு ஏற்ற மருந்து வருஷத்தில் பாதி நாள் எங்கேயும் கிடைப்பதில்லை.

புருஷன் உயிரா, பெற்ற பிள்ளையின் காலா? இதை ஒரு பெண்ணிடம் கேட்டு, மாலைக்குள் பதில் சொல் என்று கெடுவும் வைக்கிறவர்கள் மதுரையில் குளுகுளு அறையில் இருந்தார்கள்.

கட்டிலில் சொக்கலிங்கம் கண் விழித்தான். அவளை உற்றுப் பார்த்தான்.

"நீங்க பஞ்சாயத்து ஆபீசா?" என்றான் மரியாதையாக.

கயற்கண்ணி வெளியே ஓடிவந்து வராந்தாக் குழாயில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அழுகை வருமென்று பார்த்தாள். வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

உட்கார முடியவில்லை. கால் எங்காவது போ என்றது. கேள்விப் பெட்டியை நம்பாமல் தானே ஒரு வீட்டில் கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. கேள்விப் பெட்டி என்பது நோய் வந்த வீடுகளுக்குப் போன் செய்து, யார் யார் என்ன தின்றார்கள் என்று விசாரிக்கும் இயந்திரக் குரல். அது முதலில் செந்தமிழில் "தாங்கள் உட்கொண்ட உணவுப் பொருட்கள் யாவை?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஜனங்கள் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். கயற்கண்ணிதான் பேச்சை மாற்றிக் கொடுத்தாள். 'நேத்துக் காலையிலருந்து என்ன சாப்ட்டீங்க? என்ன குடிச்சீங்க?' அதிலிருந்து ஊரே மனம் திறந்து பதில் சொன்னது. அந்தக் காரியத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பள்ளிவாசல் தெரு முனையில் எஸ்தரின் இட்லிக் கடை. எஸ்தரின் மகன் கல்லூரியில் படிப்பவன், மூன்று வாரமாகச் சிறுநீரகக் கல்லோடு படுத்திருந்தான்.

"வாங்க கயலு, உக்காருங்க. உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

கயற்கண்ணி உட்கார்ந்தாள். எதற்கு வந்தோம் என்று ஒரு நொடி மறந்துபோனது. எதிரே இருந்த இட்லிச் சட்டியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது.

"எஸ்தரு, தம்பி என்ன சாப்புடுறான்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"அந்தப் பொட்டிகிட்டதான் சொன்னேனே. காலையில ரெண்டு இட்லி. மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறு, ரசம். ராத்திரி கஞ்சி. பாலு, தயிரு கண்ணால பாத்தே வருசமாச்சு."

"கருவாடு? கீரை? எள்ளுருண்ட?"

"ஏங்க, அதெல்லாம் கெடச்சா எனக்குக் குடுக்காம அவனா திம்பான்?"

"மாத்திர ஏதாச்சும் வாங்கித் தின்னானா? மறைக்காமச் சொல்லுங்க எஸ்தரு."

"என்னங்க, போலீசு மாதிரி கேக்கறீங்க?"

"எம்புருசன் சாகக் கெடக்காரு! நான் வேற எப்படிக் கேக்கறது?"

கத்திய பிறகுதான் கத்தியது தெரிந்தது. இட்லி வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இப்படிக் கத்துகிறவள் இல்லை அவள். சந்தையில் பேரம் பேசக்கூடக் குரல் எழும்பாத பொம்பளை என்று மாமியார் வீட்டில் பெயர் எடுத்தவள். எஸ்தர் கோபித்துக்கொள்ளவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கை எடுத்து வைத்தாள்.

"வெறும் வயித்தோட அலையிறீங்க, அதான். ரெண்டு இட்லி சாப்ட்டு, ஒரு வெத்தலயப் போட்டுட்டுப் போங்க."

இட்லி இறங்கவில்லை. வெற்றிலையைப் போட்டுக்கொண்டாள். எஸ்தரின் சுண்ணாம்பு சிப்பி சுட்டு நீற்றியது, நல்ல காரம். இரண்டு தடவை தடவிக்கொண்டு, கொஞ்சம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டு எழுந்தாள்.

திரும்பி வரும் வழியில் இரண்டு குழாயில் நின்று தண்ணீர் குடித்தாள். இரண்டு வீட்டில் கழிப்பறை கேட்டுப் போனாள். வெட்கமெல்லாம் எங்கோ போயிருந்தது. சொல்லிவிடலாமா, வேண்டாமா என்று மனசு இங்குமங்கும் தாவியது. சொக்கலிங்கம் நடுத்தெருவில் அழுதது ஞாபகம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று தோன்றும். எதற்காக அழுதான் என்று ஞாபகம் வந்ததும் கால் பின்னும்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மத்தியானக் கஞ்சி முடிந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் பஞ்சவர்ணம் தம்பியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெனாசிர் சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, காலையில கேக்க விட்டுப்போச்சு" என்றாள் பஞ்சவர்ணம். மடியில் வெற்றிலையை விரித்து வைத்து, சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தாள். "கால்சியம், கால்சியம்கறீகளே, அது என்னதுதான்?"

"எலும்புல இருக்கறதும்மா. பல்லுல இருக்கறது." பெனாசிர் ஊசியைச் சரிபார்த்தபடியே சொன்னார். "அந்தக் காலத்துல பாடப் புத்தகத்துல போட்டிருப்பாங்களே, சுண்ணாம்புச் சத்துன்னு. அதான்."

பஞ்சவர்ணம் தலையாட்டிக்கொண்டே வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி மடித்துச் சொக்கலிங்கத்தின் வாயில் வைத்தாள். அவன் இரண்டு தடவை மென்றான். முகம் சுளித்தது.

"யக்கா, சுண்ணாம்பு பத்தல."

அந்த வாரத்தில் அவன் பிசகில்லாமல் பேசிய ஒரே வார்த்தை அதுதான். பஞ்சவர்ணத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, என்னையத் தெரிஞ்சிருச்சு!" என்று இன்னொரு விரல் சுண்ணாம்பை எடுத்தாள்.

கயற்கண்ணி அந்த விரலையே பார்த்தாள். விரல் நுனியில் பட்டாணி அளவுக்கு வெள்ளை. சுண்ணாம்புச் சத்து. அவள் வாசல் பக்கம் திரும்பினாள். கதவு நிலையிலும் வராந்தாத் தூண்களிலும் வரிவரியாக விரல் தடங்கள்.

"மதினி, நிறுத்துங்க!"

"என்னத்தா?"

"ஒரு நாளைக்கு எத்தன தடவ குடுக்கறீங்க அவருக்கு?"

"கஞ்சி குடிச்சதும் ஒண்ணு. நடுவுல கேக்கும்போது ஒண்ணு. ராத்திரி தூக்கம் வராம முழிச்சான்னா ஒண்ணு. ஏன்? எச்சி துப்புறதில்ல, சுத்தமா முழுங்கிருறான். துப்புனாத்தான் ஆஸ்பத்திரியில திட்டுறாக."

பெனாசிரின் கை பாட்டிலிலேயே நின்றுவிட்டது. "என்கிட்ட யாருமே சொல்லலியே! என்ன சாப்புட்டார்னு தினமும் உங்ககிட்டதானேம்மா கேக்கறேன்?"

"சாப்ட்டதச் சொன்னேனே. கஞ்சி." பஞ்சவர்ணத்துக்கு நிஜமாகவே புரியவில்லை. "இது சாப்புடுறதா? இது போடுறது."

ஊர் முழுக்க நோய் வந்த வீடுகள் எல்லாம் கேள்விப் பெட்டியிடம் உண்மையைத்தான் சொல்லியிருந்தன. என்ன சாப்பிட்டீர்கள்? இட்லி, சோறு, கஞ்சி. என்ன குடித்தீர்கள்? தண்ணீர். தமிழில் எவன் வெற்றிலையைச் சாப்பிடுகிறான்? போடுகிறான். யாராவது ஒருவர், என்ன போட்டீங்க என்று கேட்டிருந்தால் போதும். செந்தமிழில் கேட்டதை வீட்டுத் தமிழாக மாற்றிய கயற்கண்ணிக்கே அது தோன்றவில்லை. மாற்றும்போது அவள் வாயிலும் வெற்றிலை இருந்திருக்கும்.

"பூச்சி குணம் மாறல" என்றார் பெனாசிர் மெதுவாக. "கதவு அது தொறந்த அளவுலதான் இருக்கு. நாமதான் வண்டி வண்டியா உள்ள அனுப்பியிருக்கோம். அதான் புள்ளைகளுக்கு வரல. அதான் மதுரையில இல்ல." பிறகு சிரித்தார், ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக. "சுண்ணாம்ப நிறுத்தினாப் போதும் கயல். சலைனோட நாலஞ்சு நாள்ல எறங்கிரும். கிட்னி தப்பிச்சிரும். உள்வெயில் இருக்கட்டும்!"

பஞ்சவர்ணம் தம்பியின் வாய்க்குள் விரலை விட்டு வெற்றிலையைத் தோண்டி எடுத்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். "நானே குடுத்துட்டேனே, எங்கையாலயே குடுத்துட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கயற்கண்ணி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். புருஷனும் உண்டு, பிள்ளையின் காலும் உண்டு. மாலையாக இன்னும் நேரம் இருந்தது. ஒரு மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது.

உடனே தவசிக்குப் போன் போட்டாள்.

"தவசி, நல்லாக் கேட்டுக்க. மதுரையிலருந்து முறிமருந்து வரும். நான் சொல்ற வரைக்கும் அதத் தொடக் கூடாது. திருப்பி அனுப்பிரு."





"யக்கா... அதக் காலையிலயே கலந்து விட்டாச்சேக்கா."

"யாரக் கேட்டு விட்ட?"

"உங்களத்தான்க்கா கேட்டேன்." அவன் குரலில் பயத்தைவிட மனத்தாங்கல்தான் அதிகம் இருந்தது. "டிரம் வந்திருக்கு, அதையும் சேத்து விடவான்னு கேட்டேன். 'அதுக்குத்தானப்பா வந்திருக்கு, சேத்தே விட்டுரு, இனிமே யோசிக்க என்ன இருக்கு'ன்னு சொன்னீங்க. எனக்கே திக்குன்னுச்சு, மறுபடி கேட்டேன். 'ஒரு தடவ சொன்னாப் புரியாதா'ன்னு கத்துனீங்கக்கா. நீங்க என்னைய ஒரு நாளும் கத்துனதில்ல."

அவளுக்குக் காலுறை ஞாபகம் இருந்தது. டீ குடிக்காத டிரைவர் ஞாபகம் இருந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்தது ஞாபகம் இருந்தது. இந்த வாக்கியம் மட்டும் எவ்வளவு தேடினாலும் கிடைக்கவில்லை. அவள் பேசுகிற பேச்சுத்தான், அவள் வார்த்தைதான், ஆனால் யாரோ சொன்னதாக இருந்தது.

"சரிப்பா" என்று போனை வைத்தாள். குழாயடிக்குப் போய் டம்ளரை எடுத்தாள். நிரப்பி வாயருகே கொண்டுபோன பிறகுதான், காலையிலிருந்து இந்தத் தண்ணீரை ஊரிலேயே அதிகமாகக் குடித்தவள் தான்தான் என்பது உறைத்தது.

பெனாசிர் பின்னால் வந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். டம்ளரைப் பிடித்திருந்த கையைத் திருப்பி, ஆள்காட்டி விரல் நுனியைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

"கயல், உங்களுக்குத் தாகம் எத்தன நாளா?"

"காலையிலருந்துதான் டாக்டர்." சொல்லிவிட்டு யோசித்தாள். போன வாரம் வாங்கிய புதுச் செம்பு எதற்கு வாங்கினோம்? "இல்ல... தெரியல."

"இன்னிக்கு எத்தன தடவ போட்டீங்க?"

வீட்டில் ஒன்று. மதினி கொடுத்தது ஒன்று. எஸ்தர் கடையில். அதற்கு நடுவிலும் போட்டாளா? பின்னாலும் போட்டாளா? வாயில் இப்போதும் பாக்குத் துணுக்கு இருந்தது, அது எப்போது வந்தது?

"ஞாபகம் இல்ல டாக்டர்" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பள்ளிக்கூடம் விட்டிருந்தது. வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து வஞ்சி பையைக் குலுக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பெருக்குகிற பெண் "ஏய், ஓடாத, வழுக்கும்!" என்று கத்தினாள். வஞ்சி காதிலேயே வாங்கவில்லை. நேராக வந்து, அம்மா கையில் இருந்த டம்ளரை வாங்கி வாயில் வைத்தாள்.

"குடிக்காதடி!"

கயற்கண்ணி தட்டிவிட்ட வேகத்தில் டம்ளர் தூணில் மோதி உருண்டது. வஞ்சி மிரண்டுபோய் அம்மாவையும் கீழே ஓடிய தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்மா? இதத்தானே பள்ளிக்கூடத்துலயும் குடிச்சேன்?"

கயற்கண்ணி அப்படியே ஈரத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மகளின் இரண்டு கால்களையும் கைகளுக்குள் பிடித்து, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்த்தாள். நேராக இருந்தன. ஒரு காலில்தான் காலுறை. கூச்சம் தாங்காமல் வஞ்சி சிரித்துக்கொண்டே காலை இழுத்துக்கொண்டாள். வெறும் காலின் முன்னெலும்பு மேல் வெள்ளையாக ஒரு விரல் தடம் பதிந்திருந்தது.